முடிவு பதிவாகாத கேசட்

1

இந்தக் கதை ஒரு கராஜ் விற்பனையில் கிடைத்தது. கனடாவில், தண்டர் பே நகரின் கிழக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், மே மாதச் சனிக்கிழமையன்று, கராஜ் வாசலில் மேசை போட்டு வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் பனி வாரும் தட்டு ஒன்று மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில், கோடு போட்டதுபோல் நேரான எழுத்தில், படத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, அதற்குக் கீழே சிறியதாக ‘விளம்பரம் இல்லை.’ ஒன்றில் மட்டும் படத்தின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ‘முடிவு இல்லை’ என்று இருந்தது.

“அதுவா?” என்றாள் மேசையில் உட்கார்ந்திருந்த டார்லீன். “எங்கம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அதை வச்சுப் பெரிய யுத்தமே நடந்துது. இப்ப ரெண்டு பேருமே இல்ல. பெட்டியோட எடுத்துட்டுப் போங்க.” அதற்குள் யாரோ புல்வெட்டும் இயந்திரம் ஓடுமா என்று கேட்க, அவள் எழுந்து போய்விட்டாள்.

இதுவரை நடந்தது. இனி வருவது நான் கட்டுவது.

கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். (அதற்கு ஒரு பழைய டெக்கைத் தேடி அலைந்தது தனிக் கதை.) முதலில் வெகுநேரம் ஐஸ் ஹாக்கி. பிறகு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அது முக்கியமான ஓரிடத்தில் சட்டென்று அறுந்து, திரை நீலமாகிறது. படத்தின் பெயரை இணையத்தில் தட்டினால் முடிவு உடனே கிடைத்துவிடும். இதை எழுதும்வரை தட்டவில்லை. நீங்களும் தட்ட முடியாதபடி படத்தை மாற்றியிருக்கிறேன். கீழே வரும் படகுத்துறைப் படம் எங்கேயும் எடுக்கப்பட்டதல்ல.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரு படத்தின் முடிவு கையில் இல்லாமல் போனால் அந்தக் காலத்து ரசிகர் என்ன செய்வார்?

2

முதல் தொடக்கம்: ‘வெர்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது’

வேண்டாம். வயதில் தொடங்கும் கதைகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் போய் நிற்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: ‘ஏரியிலிருந்து வந்த காற்று’

இதுவும் வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதும் எல்லோரும் ஏரியில்தான் தொடங்குகிறோம். இந்தக் கதை முழுக்க வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையில், டீவி முன்னால் நடக்கிறது.

மூன்றாம் தொடக்கம், இதை வைத்துக்கொள்கிறேன்:

வெர்னாவின் வலது கட்டைவிரலை அந்தத் தெருவே மதித்தது. எண்பதுகளின் பாதியில் தெருவுக்கு நான்கு வீட்டில் டெக் வந்துவிட்டது. எல்லோரும் தொலைக்காட்சியில் வரும் படங்களைப் பதிந்தார்கள். ஆனால் அவர்கள் பதிந்தவற்றில் படத்துக்கு நடுவே சோப்பும் காரும் காப்பித்தூளும் வந்தன. வெர்னாவின் பதிவுகளில் வராது. படம் ஓடும் நேரம் முழுக்க, டெக்கோடு இணைக்கும் கம்பி வால் வைத்த ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தும் பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். கதாநாயகன் ஜன்னல் பக்கம் போய் வெளியே வெறித்துப் பார்த்தால், விளம்பரம் வரப்போகிறது. அழுத்துவாள். கடைசி விளம்பரம் முடிகிற சந்தில் விடுவாள். கணவன் நெஸ்டர் அந்த நேரத்தில் தும்மக்கூட மாடிக்குப் போய்விடுவான்.

வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு டோரீன் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நிலவறைக்கு வருவாள். “டீவியிலயாவது நடுவுல எழுந்து ஒண்ணுக்குப் போகலாம். உன் வீட்டுல அதுக்கும் வழியில்ல” என்பாள். வெர்னாவுக்கு அது பாராட்டு.

பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகோரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவாள்.*

* அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின்மேல் வேறெதுவும் பதிய முடியாது. மனம் மாறினால் ஓட்டையின்மேல் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளலாம். ஒரு படம் தன் வீட்டில் நிரந்தரமா, விருந்தாளியா என்பதை ஒருவர் நகத்தால் முடிவு செய்த காலம் அது. இந்த அடிக்குறிப்பை நீக்கலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். நீக்க மனம் வரவில்லை.

3

இனி யுத்தம்.

வெர்னாவின் அக்கா ஐலி, அதாவது டார்லீன் சொன்ன பெரியம்மா, ஐந்து தெரு தள்ளிக் குடியிருந்தாள். ஞாயிறுதோறும் சாப்பாடு வெர்னா வீட்டில். ஐலி ஏலக்காய் ரொட்டி கொண்டுவருவாள். காப்பி ஊற்றியதும் பேச்சு எப்படியோ அந்தப் படத்துக்கு வந்துவிடும்.

இருவரும் அதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார்கள். ஐலிக்குப் பத்தொன்பது வயது, வெர்னாவுக்குப் பதினாறு, இன்று தண்டர் பேயின் ஒரு பாதியாகிவிட்ட போர்ட் ஆர்தரில் இருந்த பழைய கொட்டகை. கதை இதுதான்: போரில் செத்துவிட்டான் என்று நினைத்த காதலன் திரும்பி வருகிறான். அதற்குள் அவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டு ஒரு தீவில் குடித்தனம் நடத்துகிறாள். காதலன் படகில் காத்திருக்கிறான். அவள் கைப்பெட்டியோடு படகுத்துறையில் வந்து நிற்கிறாள். பிறகு?

“ஏறிப் போனா” என்பாள் ஐலி.

“போகல. திரும்பி வீட்டுக்கு நடந்தா.”

“நீ அப்பச் சின்னப் பொண்ணு. பாதிப் படம் தூங்கியிருப்ப.”

“தூங்கினது யாருடீ? அவ போகல. நீதான் போன.”

இந்த இடத்தில் நெஸ்டர் எழுந்து காப்பிக் குடுவையை அடுப்பில் வைக்கப் போவான். குடுவை நிறைய இருந்தாலும் போவான்.

படம் பார்த்த அதே வாரம் ஐலி மேற்கே போகும் ரயிலில் ஏறி வான்கூவருக்குப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுநோய், வெர்னா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகுதான் அவளுக்குக் கல்யாணம். பல வருஷங்கள் கழித்துக் கணவனை இழந்து ஐலி ஊர் திரும்பியபோது, ஏன் போனாய் என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: “அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் போனேன். அவ போனா, நானும் போனேன்.” கேட்டவர்கள் சிரிப்பார்கள். வெர்னாவும் சேர்ந்து சிரிப்பாள்.

[முதல் வரைவில் வெர்னா அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். அடித்துவிட்டேன். அந்தச் சகோதரிகள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ‘டீ’யை விட்டுவைத்தேன், அந்த அதட்டலும் உரிமையும் அவர்கள் குரலில் இருந்திருக்க வேண்டும்.]

படத்தில் அவள் ஏறவில்லை என்றால் ஐலியின் பதில் பொய். வெர்னாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம் கேசட்டாக எந்தக் கடையிலும் வரவில்லை. தொலைக்காட்சியிலும் வரவில்லை. வாராவாரம் நிகழ்ச்சிப் புத்தகம் வந்ததும் வெர்னா அதைத்தான் முதலில் தேடுவாள். ஓர் ஏப்ரலில் கண்டுபிடித்தாள்: ஞாயிறு, மாலை நான்கு முதல் ஆறுவரை.

அதே ஞாயிறு, அதே நேரம், ஐலியின் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

4

“டைமர் இருக்குல்ல. போட்டுட்டுப் போலாம்” என்றான் நெஸ்டர். அவன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். எந்த இயந்திரத்தையும் அவசரப்படுத்த மாட்டான். “ஒரே கேசட்டுல ஆறு மணி நேரம் பிடிக்கிற வேகத்துல போடறேன். ராத்திரி எட்டு வரைக்கும் ஓடட்டும்.”

“அந்த வேகத்துல போட்டா மூஞ்சியெல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கும். இந்தப் படத்தப் போயா அப்படிப் போடுவ? ரெண்டு மணி நேர வேகத்துல போடு. புது கேசட்டு எடு.”

“ரெண்டு மணி நேரம்னா சரியா ஆறுக்கு கேசட் முடிஞ்சுடும் வெர்னா. அதுக்கு முன்னாடி மேட்ச் இருக்கு. அது இழுத்துட்டா?”

“ஞாயித்துக்கிழம மத்தியான மேட்ச் எப்ப இழுத்துது? அவங்கவங்க வீட்டுக்குப் போக வேணாமா?”

“பிளே ஆஃப் வெர்னா. சமமா நின்னா ஒருத்தன் கோல் போடற வரைக்கும் ஆடுவானுங்க.”

“நீ போடு.”

போட்டான். இந்த ஒரு வாக்குவாதத்துக்காகத்தான் கதையையே எழுதினேன் என்று சொன்னாலும் தப்பில்லை. அவசரமாகப் பதிந்தவர்கள், அலட்சியமாகப் பதிந்தவர்கள், மங்கிய வேகத்தில் மூன்று படங்களை ஒரே கேசட்டில் திணித்தவர்கள் எல்லோருக்கும் முடிவு கிடைத்தது. பார்த்துப் பார்த்துப் பதிந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

ஞானஸ்நானத்தில் குழந்தை அழுத அழுகையில் பாதிரியார் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. வெர்னா தொட்டியைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த ஐலி குனிந்து, “அங்க என்ன, படகு கெளம்புதா?” என்று காதில் கேட்டாள். இருவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

5

வீட்டுக்கு வந்ததும் மூவரும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கினார்கள். நெஸ்டர் கேசட்டைப் பின்னோட்டி ஓடவிட்டான்.

ஹாக்கி வந்தது.

“ஐயோ” என்றாள் வெர்னா.

“அடேயப்பா” என்றான் நெஸ்டர். “ரெண்டாவது ஓவர்டைம்! ஓட்டாத, ஓட்டாத, கோல் யாரு போட்டான்னு பாத்துடலாம்.”

“நெஸ்டர்.”

“சரி, சரி.”

முன்னோட்டினார்கள். ஒருவழியாகப் படம் வந்தது. விளம்பரங்களோடு வந்தது, வெர்னாவின் நிலவறையில் முதல்முறையாகச் சோப்பு நுரை பார்த்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. தீவு, சமையலறை, கடிதம், மழை. அவள் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்குகிறாள். படகு நிற்கிறது. கயிறு அவிழ்க்கும் ஆள் நிமிர்ந்து பார்க்கிறான். அவள் முகம் திரை நிறைய

டெக் ‘டக்’ என்று நின்று, தானாகவே பின்னோட ஆரம்பித்தது.

[மேலே உள்ள வாக்கியத்தை முடித்துத்தான் வைத்திருந்தேன். பிறகு வெட்டினேன்.]

நெஸ்டர் எழுந்து அதை நிறுத்தினான். பிறகு வெர்னா கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டினாள். நிறுத்தினாள். நிறுத்திய படம் வெள்ளைக் கோடுகளோடு நடுங்கியது.

“தோளப் பாரு. வீட்டுப் பக்கம் திரும்புது.”

“கைய பாருடீ. பெட்டிய எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கா. ஏறப்போறா.”

“எனக்கென்னவோ அவளுக்குக் குளிருதுன்னு தோணுது” என்றான் நெஸ்டர்.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஐலி பக்கம் திரும்பினாள்.

“சரி. இதுக்கப்புறம் என்ன வந்துச்சு? கொட்டகையில பாத்தியே. ஏறினான்னா எப்படி ஏறினா? அந்த ஆளு கை குடுத்தானா? பெட்டிய யாரு வாங்கினது?”

ஐலி கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். வெகு நேரம் கழற்றினாள்.

“நான் பாக்கல வெர்னா.”

“என்ன பாக்கல?”

“இந்த எடத்துல எழுந்து போய்ட்டேன். ஸ்டேஷன்ல டிக்கெட் ஜன்னல மூடிடுவான். அதுக்குள்ள போய் வாங்கணும்.”

“பாத்ரூம் போறேன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“அப்போ படத்துக்கு முன்னாடியே…”

“அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே.”

வெர்னா திரையைப் பார்த்தாள். “நான் உன் சீட்டையே பாத்துட்டிருந்தேன்” என்றாள். “இப்ப வருவ, இப்ப வருவன்னு.”

நெஸ்டர்தான் மெதுவாகக் கேட்டான்: “அப்போ நீயும் முடிவப் பாக்கலியா வெர்னா?”

வெர்னா டெக்கிலிருந்து கேசட்டை வெளியே எடுத்தாள். ஐலி கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை யாரும் போகவில்லை. வெர்னா சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள்.

6

இங்கே எனக்கு நெஸ்டர்மேல் சந்தேகம் வந்தது.

ஒரு வரைவில் எல்லாம் அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இருக்கும்வரைதான் ஐலி ரொட்டியோடு வருவாள், தன் மனைவி சிரிப்பாள் என்று அவன் கணக்குப் போடுகிறான். வேண்டுமென்றே டைமரைக் குளறுபடி செய்கிறான். எழுதும்போது எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. மறுநாள் படித்தபோது பிடிக்கவில்லை. ஓவர்டைமைப் பார்த்து அப்படிக் கத்திய மனிதன் சதி செய்பவன் அல்ல. அவன் எச்சரித்தான், அவள் கேட்கவில்லை. பழியைச் சுமக்க ஆள் இல்லாத தவறுகளும் உண்டு.

ஐலி அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வெர்னா மூன்று தட்டு எடுத்து மேசையில் வைத்து, ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அவள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்தாள். “மறுபடி எப்பப் போடுவீங்க?”

“படச்சுருள் திரும்பிப் போயிடுச்சும்மா. எங்களுக்குத் தெரியாது.”

“முடிவையாவது சொல்லும்மா. அந்தப் பொண்ணு படகுல ஏறினாளா?”

எதிர்முனையில் ஒரு சிரிப்பு. “இங்க யாருமே பாக்கலம்மா. எல்லாரும் மேட்சத்தான் பேசிட்டிருந்தோம்.”

படங்களை மாற்றிக்கொள்பவர்களுக்கென்று ஒரு சிறு செய்திமடல் அப்போது வந்துகொண்டிருந்தது. தட்டச்சு செய்து நகலெடுத்த நான்கு பக்கம். என்னிடம் என்ன இருக்கிறது, எனக்கு என்ன வேண்டும். வெர்னா எழுதிப்போட்டாள். மேற்கே ரெஜைனா நகரிலிருந்து எல்டன் ஃப்ரீசன் என்றொருவர் போன் செய்தார்.

“அந்தப் படம் என்கிட்ட இருக்குங்க. நாலு வருஷம் முன்னாடி வேற சானல்ல வந்தப்பப் போட்டது. முழுசா இருக்கு.”

“முடிவு?”

“முழுசான்னா முடிவும்தான்.”

வெர்னாவால் அங்கேயே கேட்டிருக்க முடியும். ஏறினாளா இல்லையா, ஒரே சொல். அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டே ஒரு வாரம் இந்தப் பக்கத்தைத் தாண்டாமல் இருந்தேன். தனியாகத் தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை என்பதற்குமேல் எனக்கு எட்டவில்லை.

“பதிலுக்கு உங்களுக்கு என்ன வேணும்?” என்றாள்.

“தப்பா நினைக்காதீங்க. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம மேட்ச். நான் மேட்ச் முடிய வேண்டிய நேரம் வரைக்கும்தான் டைமர் போட்டிருந்தேன். ஓவர்டைம் வரவே இல்ல. யாருகிட்டயாவது…”

நெஸ்டருக்கு இதைச் சொன்னபோது அவன் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சிரித்தான். டோரீனின் டெக்கைத் தூக்கிவந்து, இரண்டையும் கம்பியால் இணைத்து, ஹாக்கியை மட்டும் நகலெடுத்தார்கள். நகலை வெர்னாதான் கவனித்தாள். கட்டைவிரல் பொத்தானின்மேலேயே இருந்தது. ஓவர்டைமில் ஒரு விளம்பரம்கூடப் போகவில்லை.

மூன்றாம் வாரம் ரெஜைனாவிலிருந்து பொட்டலம் வந்தது. வெர்னா பிரிக்கவில்லை. ஐலிக்குப் போன் செய்தாள்.

“டேப் வந்திருக்கு.”

“நீ பாத்துட்டியா?”

“இல்ல. வா.”

7

ஞாயிறு மத்தியானம். ஐலி வந்திருக்கிறாள். கையில் ரொட்டி இல்லை. நிலவறையில் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்டன் ஒழுங்கான ஆள். கேசட்டை முழுக்கப் பின்னோட்டி அனுப்பியிருக்கிறார். வெர்னா அதை டெக்கில் தள்ளினாள். படம் ஓடியது. தீவு, சமையலறை, கடிதம், மழை. அவள் சரிவில் இறங்குகிறாள். கயிறு அவிழ்க்கும் ஆள் நிமிர்கிறான். முகம் திரை நிறைய வருகிறது. இதற்குப் பிறகு வருவதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

வெர்னா பொத்தானை அழுத்தினாள். படம் நின்றது.

“என்னடீ?” என்றாள் ஐலி.

“இது கெடக்கட்டும். அவ ஏறினா என்ன, ஏறலேன்னா என்ன. என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?”

இதுவரை எழுதுவது எளிதாக இருந்தது. ஐலிக்கு மூன்று பதில்கள் எழுதினேன்.

‘ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்துது.’ இல்லை. இது கணக்கு, பதில் அல்ல.

‘நீ அப்பாவ விட்டுட்டு வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்.’ இது அழகாக இருக்கிறது. வெர்னாவைப் புகழ்ந்து வாயடைக்கும் பதில். இத்தனை வருஷத்தில் ஐலியிடம் இது இருந்திருந்தால் படத்தைக் காரணம் காட்டியிருக்க மாட்டாள்.

‘உன்கிட்டயிருந்தும்தான் ஓடினேன்.’ இதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை அவள் வாயில் வைக்க எனக்கு என்ன உரிமை?

படத்தின் முடிவு என்றால் இந்த நிமிஷமே சொல்லிவிடுவேன், படம் என்னுடையது. அவளை ஏற்றலாம், இறக்கலாம், படகையே கவிழ்க்கலாம். ஐலி என்னுடையவள் இல்லை. டார்லீன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு எழுந்துபோன ஒருத்தி அவள்.

திரையில் அந்த முகம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஐலி அதைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, “நெஸ்டர், நீ கொஞ்சம் மேல போறியா?” என்றாள்.

“காப்பி…” என்றான் அவன்.

“காப்பி வேணாம். சும்மா போ. கதவைச் சாத்திட்டுப் போ.”

நெஸ்டர் எழுந்தான். அவனோடு நானும் மாடிப்படி ஏறுகிறேன். இந்தக் கதையில் இதற்குமேல் எனக்கு அங்கே இடமில்லை. உங்களை அவள் போகச் சொல்லவில்லை.